மாவு வேண்டாம்

நாற்பது பேருக்கான தடுப்பூசியை
ஐஸ்பெட்டியில் அடைத்துக்கொண்டு
பனியாறுகளின் நாட்டுக்குள் போகிறேன்.
லாரிக்காரர் நோல்பெர்த்தோ
நான் ஏறும்போதே கேட்டுவிட்டார்:
"அங்கே இல்லாத ஐஸா,
இங்கிருந்து கொண்டுபோகிறாய்?"

கோய்ஹைக்கே தாண்டி ஒன்பது மணி நேரம்.
தார் முடிந்து சரளை,
சரளை முடிந்து குழி,
குழிகளுக்கு நடுவே அவ்வப்போது
கொஞ்சம் சாலை.
லெங்கா மரங்கள் சிவக்கத் தொடங்கிய ஏப்ரல்.
வளைவுக்கொரு அருவி.
முதல் பத்துக்கு வாயைப் பிளந்தேன்.
பிறகு, கண்ணாடி துடைக்கும் கம்பியைத்தான் பார்த்தேன்,
இட வலமாக அதுவும் என்னைப் பார்த்தது.

ஓரிடத்தில் மரப்பலகை.
'பனியாறு' என்று எழுதி, ஓர் அம்பு.
அம்பு காட்டிய இடத்தில்
ஈரப்பாறை, சாம்பல்நிறக் குட்டை, ஒரு குதிரை.
"பலகை வைத்த வருஷம்
கை நீட்டினால் தொடலாம்" என்றார்.
"இப்போது அது மேலே,
அந்த மேகத்துக்குப் பின்னால்.
பலகை வைக்க ஓர் இலாகா உண்டு எங்களுக்கு.
பிடுங்குவதற்குத்தான் இல்லை."

வண்டியில் எரிவாயு உருளைகள்,
கோழிக்குஞ்சுகள்,
யாரோ ஒருவரின் பல்செட்,
ஒரு கதவு, சட்டமில்லாமல், வெறும் கதவு.
இருக்கைக்குப் பின்னால், சாரல் படாமல்
போர்வை போர்த்திய மாவு மூட்டை.
என்ன என்று கேட்டேன்.
வெறும் மாவு என்றார்,
இரண்டு முறை.

சாலை தண்ணீரில் போய் முடிந்தது.
கடல், மலைக்குள் கைவிட்டு
எதையோ துழாவிக்கொண்டிருக்கும் இடம்.
பால் கலந்த பச்சை.
உப்பா இல்லையா என்று
அந்தத் தண்ணீருக்கே தெரியாது.
படகு நான்கு மணிக்கு.
வரிசையில் ஏழு வண்டி,
ஏழிலும் ஒரே வானொலி.
இங்கே பிடிபடுவது அது ஒன்றுதான்.

மதியச் சேதிகள் வாசித்தார்கள்.
'மேல்பள்ளத்தாக்கு அர்செனியோவுக்கு:
காளை கிடைத்தது. கயிறு கிடைக்கவில்லை.'
'எர்மிந்தாவுக்கு, அண்ணனிடமிருந்து:
அறுவை நல்லபடி முடிந்தது. வியாழன் துறைக்கு
இரண்டு குதிரை அனுப்பு, ஒன்றாவது சாதுவாக இருக்கட்டும்.'
'சாலையில் எங்கிருந்தாலும், நோல்பெர்த்தோ ஒயார்சூனுக்கு,
ஆற்றுமுகத்து எதெல்மிராவிடமிருந்து:
இந்தமுறை மாவு வேண்டாம்.'

அவ்வளவுதான்.
அடுத்து, யாருக்கோ வைக்கோல் விலை.

முன்னால் நின்ற ஜீப்பின் கண்ணாடி
மெல்ல ஏறி மூடிக்கொண்டது,
நாங்கள் கேட்கவில்லை என்பதுபோல.
மரம் ஏற்றிய லாரிக்காரன் திடீரென்று
நல்ல டயரைக் குனிந்து பார்த்தான்.
நோல்பெர்த்தோ இரண்டு கையாலும்
ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார்,
நின்றுகொண்டிருந்த வண்டியில்.

பதினொரு வருஷமாக மாதம் ஒரு மூட்டை
என்றான் படகுப் பையன்.
அவள் தனியாள்.
இருபத்தைந்து கிலோவை எந்த வாய் தின்னும்?
பாதி, பக்கத்துப் பண்ணைப் பன்றிக்கு.
எல்லோருக்கும் தெரியும், அவர் ஒருவரைத் தவிர.
மாவு வேண்டாம் என்றால்
ஆளும் வேண்டாமா,
ஆள் மட்டும் போதுமா?
படகின் பின்தளத்தில் கட்சி பிரிந்து பந்தயம்.
நானும் ஆயிரம் பெசோ கட்டினேன்.
எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன்.

நடுநீரில், எங்கோ உயரத்தில்
பனி உடைந்த சத்தம்.
கண்ணுக்கு ஒன்றும் சிக்கவில்லை.
வெகுநேரம் கழித்துப் படகு மட்டும்
ஒருமுறை தலையாட்டியது.

அவர் எழுந்தார்.
மூட்டையைத் தோளில் ஏற்றினார்.
விளிம்புவரை போனார்.
யாரும் மூச்சுவிடவில்லை.
திரும்பி வந்து பையன் காலடியில் இறக்கி
"உன் அம்மா ரொட்டி சுடுவாள்தானே" என்றார்.
பிறகு பக்கக் கண்ணாடியைத் தன் முகத்துக்குத் திருப்பி
ஈரச் சீப்பால் தலை வாரினார்,
கஞ்சத்தனமாக மிஞ்சியிருந்த முடியை
இருமுறை.

அக்கரையில் ஏறும்போது கேட்டேன்:
அந்தக் கதவு யாருக்கு?
கியரை மாற்றினார்.
ஒரு பாலம், ஒரு வளைவு,
இன்னொரு பாலம்.
"சட்டம் அங்கே இருக்கிறது" என்றார்.